சைக்கிளுக்குப் பாடி கட்டிய கதை

திருச்செங்கோட்டில் எந்த வண்டியும் வாங்கிய கோலத்திலேயே ஓடியதாகச் சரித்திரம் கிடையாது. வெறும் லாரி சேஸிஸ் வந்தால் பாடி கட்டுவார்கள். முதுகில் கோபுரத்தை ஏற்றினால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. இந்த ஊரில் முப்பது வருஷம் ரிக் ஓட்டி ஓய்ந்த ஒருவர், டாக்டர் நடக்கச் சொன்னதைத் தமக்குச் சாதகமாகத் திரித்துக்கொண்டு எலெக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கினார்.

வந்தபோது 22 கிலோ. பின்சக்கர ஹப்பில் 250 வாட் மோட்டார். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி. முழுசாகச் சார்ஜ் ஏற்றினாலும் அரை யூனிட்கூட ஆகாது. "இலவச நூறு யூனிட்டுலயே அடங்கிப்போயிருமுல்ல" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார். சைக்கிளின் விலை தெரிந்திருந்த வீட்டம்மா பதில் பேசவில்லை.

250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருந்தால் நம் நாட்டில் இது சைக்கிள்தான்; லைசென்ஸ், ஆர்.சி. வேண்டாம். ஐரோப்பாவிலும் இதே கணக்கு. 2019-இல் கனடாவில் மின் மவுண்டன் பைக்குகளுக்கு முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தபோதும் இதே 250தான். பட்டறைத் தம்பி 1,000 வாட் கிட் போடலாம் என்றான். "ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீ வாரயா?" என்றதும் மோட்டார் பேச்சு அடங்கி, இரும்புப் பேச்சு ஆரம்பமானது.

"கேரியரு தாங்காதுங்ணா" என்று ஓர் ஆங்கிள். அந்த ஆங்கிள் ஆடுகிறதென்று குறுக்கே ஒரு பட்டை. முன்னால் கம்பி கார்டு. பின் மட்கார்டில் சிவப்பு பெயின்ட்டில் 'அர்த்தநாரீஸ்வரர் துணை'. ஏர் ஹாரனுக்கு மட்டும் காற்று கிடைக்க வழியில்லை. வாழ்நாளெல்லாம் கம்ப்ரஸரோடு குடும்பம் நடத்தியவருக்கு அது ஒரு மனக்குறைதான். எடை பார்க்கப் பக்கத்திலிருந்த பழைய இரும்புக்கடைத் தராசுதான் கிடைத்தது. 37 கிலோ. கடைக்காரர் கேட்காமலே விலையும் சொன்னார்.

ஊர் மலையின் அடிவாரத்து மண் தடத்தில் குறையில்லை. டயரில் கல்லுக் கணக்காகக் காற்று அடித்தே பழகியவர், கொஞ்சம் இறக்கிவிட்டதும் சரளைக் கல்லில் சக்கரம் வழுக்காமல் கவ்வியதைப் பார்த்து, இத்தனை வருஷம் லாரிக்கு அடித்த காற்றையெல்லாம் ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

மலைச் சாலையில்தான் வினை. மிட்-டிரைவ் மோட்டார் பெடல் அச்சில் உட்கார்ந்து செயினை இழுப்பதால், சைக்கிளின் கியரெல்லாம் அதற்கும் உதவும். ஹப் மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏற்றத்தில் சக்கரத்தின் வேகம் தளர்ந்தால் மின்சாரம் இழுவையாவதை விட்டுச் சூடாகத்தான் போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் டாப் கியரிலேயே ஏறச் சொன்னால் லாரி என்ன ஆகும்? ரிக் ஓட்டியவருக்குத் தெரியாததல்ல. கருகல் வாசம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இறங்கித் தள்ளினார். ஆடு ஓட்டி வந்த ஆத்தா நின்று பார்த்தாள்.

"ஏஞ்சாமி, நின்னு போச்சா?"

"இல்லீங்காத்தா, ஆறட்டும்னு தள்ளிக்கிட்டுப் போறேன்."

"அதுக்கு நடந்தே வந்திருக்கலாமே."

மறுநாள் பட்டறையில் இரும்பையெல்லாம் கழற்றச் சொன்னார். தம்பி கழற்றிய ஆங்கிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வீணாக்குவானேன்? இதுலயே பேட்டரிக்கு ஒரு பெட்டி கட்டிரலாங்ணா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எத்தனை கிலோ வரும்?"