மூச்சுப் பிடித்த பையன்

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: டோரிஸ் லெஸ்ஸிங்கின் ‘த்ரூ தி டனல்’ எங்களுக்குப் பாடம். ஒரு பையன் தண்ணீரில் முங்கி எழுந்திருப்பதெல்லாம் ஒரு கதையா?

கரையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஜெர்ரிக்கு 11 வயது. கடலுக்கடியில் பாறையைக் குடைந்துபோகும் இருட்டுச் சுரங்கம். பாதியில் மூச்சு முட்டினால் மேலே வரமுடியாது, தலைக்கு மேலும் பாறை. உள்ளூர்ப் பெரிய பையன்கள் சர்வசாதாரணமாகப் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டார்கள். இவனுக்கு அது பொறுக்கவில்லை.

வாசகர், ஈரோடு: ‘தொல்படிமம்’ என்று பேராசிரியர்கள் பயமுறுத்துகிறார்களே?

உங்கள் பாட்டி சொன்ன கதைகளில் இருப்பதுதான். வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளை, இருட்டுக் குகை, புது ஆளாக வெளியே வருவது. உளவியலாளர் யுங் அதற்கொரு பெயர் வைத்தார். லெஸ்ஸிங்கின் குறும்பு வேறு இடத்தில். பழைய கதையில் முனிவர் மந்திர வாள் கொடுப்பார். இங்கே நீச்சல் கண்ணாடி. கொடுப்பதோ, நச்சரிப்புத் தாங்காமல் கடைக்குக் கூட்டிப்போகும் அம்மா! வாங்கிய கையோடு அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான்.

இரு பிள்ளைகளின் தாய், மதுரை: பெற்றவள் இப்படியா விடுவாள்?

சுரங்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கணவனை இழந்தவள், ஒரே பிள்ளை. இழுத்துப் பிடிக்கிறோமோ, கண்டுகொள்ளாமல் விடுகிறோமோ என்று இரண்டு பக்கமும் பயம்.

மாணவர், திருச்சி: ‘விடாமுயற்சி’ என்று பரீட்சையில் எழுதலாமா?

எழுதுங்கள், மார்க் விழும். எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கனமான கல்லைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்க் கிடந்து எண்ணுகிறான். அம்மா பக்கத்தில் இல்லாதபோது வீட்டுக் கடிகாரத்தை வைத்து மூச்சுக் கணக்கு. மூக்கில் ரத்தம், தலைசுற்றல். சுரங்கத்துக்குள் கூரையில் ஒரு விரிசல், அதில் வெயில். வந்துவிட்டோம் என்று நினைக்கிறான். விரிசலைத் தாண்டினால் மறுபடி இருட்டு. இந்த இடம் மட்டும் இல்லாவிட்டால் கதை வெறும் உற்சாகப் பேச்சாகியிருக்கும்.

வாசகர், நாகர்கோவில்: நோபல் இந்தக் கதைக்கா?

ஒரு கதைக்கா கொடுப்பார்கள்? இது ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது 1955. நோபல் 2007, அவருடைய 87ஆம் வயதில். விடாமுயற்சி பற்றி எழுதும் தகுதி அவருக்கு இருந்தது.

வாசகி, காரைக்குடி: ஜெயித்தபின் அந்தப் பையன்களிடம் பீற்றிக்கொண்டானா?

இல்லை. தூரத்தில் அவர்கள் குதித்து விளையாடுகிறார்கள். போய்ச் சேரத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும். அம்மாவிடம் மட்டும், இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீருக்கடியில் இருப்பேன் என்கிறான். இன்றைக்கு இனி நீந்த வேண்டாம் என்கிறாள், மல்லுக்கட்டத் தயாராக. பிள்ளை உடனே அடங்கிவிடுகிறான். அவன் வளர்ந்துவிட்டான் என்று நான் நம்புவது இங்கேதான்.