வாஷிங் மெஷினின் கடைசி ஒரு நிமிடம்: ஓர் ஆய்வு

வாஷிங் மெஷினின் முகப்பில் ஒளிரும் '1' என்னும் எண், கடிகாரத்தின் ஒரு நிமிடத்துக்குச் சமமன்று என்பது இவ்வாய்வின் கருதுகோள். இப்பொருளில் முந்தைய ஆய்வுகள் வாய்மொழியாகவும், பெரும்பாலும் வசைமொழியாகவுமே நிகழ்ந்துள்ளன. ஆய்வுக்களம் வீட்டின் பின்கட்டு. ஆய்வுக்காலம் ஞாயிறு காலை.

மெஷினுக்குள் இருப்பது ஒரு கணினி. கீபோர்டு, மவுஸ் எதுவுமின்றி, ஒரே வேலைக்கென்று பொருளுக்குள்ளேயே குடியிருப்பதால் இதனை உட்பொதி கணினி என்பர். செயலி, நினைவகம் எல்லாம் ஒரே சில்லில் அடங்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1974-இல் விற்பனைக்கு விட்ட டி.எம்.எஸ். 1000 இவ்வினத்தின் மூதாதை. 1980-இல் வந்த இன்டெல் 8051-இன் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இக்கட்டுரையின் முதல் வாக்கியம் அதற்குள் அடங்காது, யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும்.

பட்டனை அழுத்தியதும் பல மெஷின்கள் டிரம்மைத் தண்ணீரின்றிச் சற்றே சுழற்றிப் பார்க்கின்றன. மோட்டார் எவ்வளவு திணறுகிறது என்பதே துணியின் எடை. தண்ணீர் ஏற ஏற, அடியிலிருந்து மேலே செல்லும் மெல்லிய குழாயில் அகப்பட்ட காற்று இறுகும். அந்த அழுத்தமே நீர்மட்டம். இவற்றைக் கொண்டு சில்லு '48' என்று ஓர் எண்ணைச் சொல்கிறது. அது கணிப்பு, வாக்குறுதி அன்று.

சிக்கல் ஸ்பின்னில் பிறக்கிறது. நனைந்த போர்வை ஒரு பக்கமாய்த் திரண்டால் டிரம் தள்ளாடும். விட்டால் மெஷின் நடந்தே அடுப்படிக்கு வந்துவிடும். சில்லு அதை உணர்ந்து சுழற்சியை நிறுத்துகிறது. பல மாடல்களில் மீண்டும் தண்ணீர் பிடித்து, துணியைக் கலைத்துவிட்டு, மறுபடி முயல்கிறது. அதுவரை '1' அசையாது. சில மாடல்கள் நேர்மையாக நேரத்தைக் கூட்டிக் காட்டும். அந்த நேர்மையை யாரும் பாராட்டுவதில்லை.

அஃதேல், "மெஷின் ஹேங் ஆயிடுச்சு" என்பாரும் உளர். அது பெரும்பாலும் பொருந்தாது, என்னை? இத்தகைய சில்லுகள் பலவற்றில் காவல் டைமர் ஒன்று உண்டு. நிரல் குறித்த இடைவெளியில் அதற்குத் தலைகாட்ட வேண்டும்; தவறினால் டைமரே சில்லை ரீசெட் செய்துவிடும். ஆகவே மெஷினின் மண்டையில் தட்டுவது ஆய்வு நெறிக்குப் புறம்பானது.

இனி ஃபிரண்ட் லோடு. வேலை முடிந்தும் கதவு திறக்காதிருப்பது வேறு கதை. பல பூட்டுகளில், சூடேறினால் வளையும் உலோகப் பட்டை இருக்கும். அது ஆறினால்தான் பூட்டு விடும். இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும்.

முடிபு: '1' நிற்பது துணி சமநிலைக்கு வராமையால். ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போடாதீர்கள். கூட இரண்டு துண்டுகளையாவது போடுங்கள்.