படுக்கை 100, நோயாளி பூஜ்யம்

நர்சிங் கல்லூரி நடத்த வேண்டுமென்றால் 100 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி பின்னால் இருக்க வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். நம் கல்வித் தந்தையருக்கு இதெல்லாம் ஒரு தடையா?

மத்தியப் பிரதேசத்துத் தந்தையர் ஆஸ்பத்திரியைக் காகிதத்திலேயே கட்டினார்கள். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தார். உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யை ஏவியது. 308 கல்லூரிகளை ஆராய்ந்து, 169 தேறின என்றது சி.பி.ஐ. 2024 மே மாதம், ஆராயப் போன அதிகாரிகளே லஞ்சம் வாங்கிய வழக்கில் கைதானார்கள். பிடித்ததும் அதே சி.பி.ஐ. பாஸான கல்லூரிகளுக்கு மறுபடி பரீட்சை வைக்கச் சொன்னது நீதிமன்றம். மாணவிகளுக்கோ வருஷக்கணக்கில் பரீட்சையே நடக்கவில்லை. அவர்கள் கட்டிய ஃபீஸ் மட்டும் அசல்.

ஆஸ்பத்திரி நிஜமாகவே இருந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைக்காதீர்கள். ‘போஸ்டிங்’ என்று அனுப்பப்படும் இருபது வயதுப் பெண் நைட் டியூட்டியில் டிரிப் மாற்றுகிறாள், பெட்பேன் எடுக்கிறாள், நோயாளியின் உறவினரிடம் திட்டு வாங்குகிறாள். சொல்லித்தரப் பக்கத்தில் ஆளில்லை. சம்பளம் கொடுத்து ஸ்டாஃப் நர்ஸ் வைக்க வேண்டிய இடத்தில், ஃபீஸ் கட்டி வேலை பார்க்கிறவள் கிடைத்தால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? படிப்பு முடிந்தால் அங்கேயே வேலை பார்க்க பாண்ட். ஒரிஜினல் சர்டிபிகேட் கரஸ்பாண்டென்ட்டின் பீரோவில். பகல் கொள்ளைக்காவது வெளிச்சம் உண்டு. இது ராத்திரி ஷிப்டிலும் நடக்கிறது.

அப்புறம் மேடையேறி, ‘நர்சுகளே கிடைப்பதில்லை’ என்று ஒப்பாரி. எப்படிக் கிடைப்பார்கள்? 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரிகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. தருகிற சின்ன ஆஸ்பத்திரியை யாராவது காட்டுங்கள், கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

2023 பட்ஜெட்டில் 157 நர்சிங் கல்லூரிகளை அறிவித்தது மத்திய அரசு, மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியே. நல்ல யோசனைதான், நோயாளிகளாவது நிஜமாக இருப்பார்கள். படித்து வருகிறவளுக்கு வேலை? 2015-ல் தமிழக அரசே தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்கு ஒப்பந்தச் சம்பளம் 7,700 ரூபாய். 2017-ல் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் தரையில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்க வேண்டியிருந்தது. கொரோனா வார்டுக்கு அவசரமாக அழைத்த நர்சுகளை 2022 டிசம்பர் 31-ஓடு கிளம்பச் சொன்னது அதே தமிழக அரசு. போராடியதும், இன்னொரு தற்காலிக வேலை தருவதாகச் சொன்னது. அடுத்த கொள்ளைநோய்க்கு எந்த முகத்தோடு கூப்பிடுவார்கள்? கூப்பிடுவார்கள். கூச்சப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.