மூக்கில் முளைத்த கட்டைவிரல்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இகுவானோடான் என்ற டைனோசரின் பற்கள் சில இருக்கின்றன. பார்த்தால் பரம சாது. ஒரு டாக்டரின் குடும்பத்தையே மென்று துப்பியவை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

டாக்டர் பெயர் கிடியன் மான்டெல். சசெக்ஸில், லூயிஸ் என்ற ஊரில் பிரசவம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் எலும்பு பொறுக்கியவர். 1820களின் தொடக்கத்தில் அவரிடம் விசித்திரமான பற்கள் சில வந்து சேர்ந்தன. மனைவி மேரிதான் முதல் பல்லைக் கண்டெடுத்தார் என்றொரு கதை உண்டு. ஏற்கெனவே வீடு முழுக்க எலும்பு. இதில் இன்னொன்றைத் தானாக எடுத்துக் கொடுக்க எந்த மனைவி துணிவாள்?

பல் பாரிஸுக்குப் போனது. குவியே என்ற மகா பண்டிதர் அதைப் பார்த்துக் காண்டாமிருகம் என்றார். பிறகு, பண்டிதர்களுக்கு வழக்கமில்லாத வழக்கமாக, தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார். கடைசியில் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில், இகுவானா என்ற பெரிய ஓணானைப் பாடம் செய்திருந்த ஒருவர்தான் இரண்டு பல்லுக்கும் ஒரே ஜாடை என்று கண்டுபிடித்தார். 1825-இல் இகுவானோடானுக்குப் பெயர்சூட்டு விழா. பின்னால் கூம்பாக ஓர் எலும்பும் கிடைத்தது. இதை எங்கே வைப்பது? மூக்கில் வைத்தார் மான்டெல்.

அப்புறம் பிரைட்டனுக்குக் குடிபோய் வீட்டையே மியூசியமாக்கினார். கூட்டம் அலைமோதியது, வந்தவர்களில் பலரை இலவசமாகவே உள்ளே விட்டார். கல்லா காலி. 1838-இல் சேகரிப்பு மொத்தமும் 4,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. எலும்பு போன மறுவருஷம் மேரியும் போய்விட்டார். 1841-இல் குதிரைவண்டி விபத்தில் மான்டெலின் முதுகெலும்பு கெட்டது. மறுவருஷம் ரிச்சர்ட் ஓவன் என்ற விஞ்ஞானி ‘டைனோசர்’ என்ற பெயரை அறிவித்துப் புகழை அள்ளிக்கொண்டார். ஓவன் மேதைதான், அடுத்தவன் பெயர் அச்சில் வந்தால் மட்டும் அவருக்கு வயிறு எரியும்.

1852-இல், வலிக்காக அளவு மீறி அபின் குடித்த மான்டெல் இறந்தார். பத்திரிகையில் பெயர் போடாமல் ஓர் இரங்கல் குறிப்பு வந்தது. இரங்கலைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது. எழுதியது ஓவன் என்றே பலரும் சொல்கிறார்கள். கோணிப்போன முதுகெலும்போ, அப்போது ஓவன் பொறுப்பில் இருந்த அதே ஹன்டேரியனுக்கு வந்து சேர்ந்தது. ஊரார் எலும்பையெல்லாம் சேர்த்த மனிதர் இப்படித்தான் ஜாடிக்குள் போனார்.

1853 டிசம்பர் 31 இரவு, லண்டனை ஒட்டிய சிடனத்தில், கிறிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காகச் சிற்பி ஹாக்கின்ஸ் செய்துகொண்டிருந்த இகுவானோடானின் அச்சுக்குள் மேஜை போட்டுக் கல்யாணப் பந்தி போல ஒரு விருந்து நடந்தது. சூப், பறவைக்கறி, ஒயின், பாட்டு. மிருகத்தின் தலைப்பக்கம் ஓவன். மேலே தொங்கிய பெயர்ப்பலகைகளில் மான்டெல் பெயரும் ஒன்று. ஆள் போன பிறகு மரியாதைக்கு என்ன குறை!

1878-இல் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இகுவானோடான் எலும்புக்கூடுகளைக் கூட்டம் கூட்டமாக, முழுசு முழுசாகத் தோண்டி எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, மூக்குக்கொம்பு உண்மையில் கட்டைவிரல்.

சிடனத்துச் சிலைகள் அந்த விரலை மூக்கில் வைத்துக்கொண்டு இன்றும் நிற்கின்றன. இங்கிலாந்தில் அவற்றை முதல்தரப் பாரம்பரியச் சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள். இனி அந்த விரலை எடுப்பதென்றால் அரசாங்க அனுமதி வேண்டும்.