தங்கச்சி காசலுக்குப் போறாளாம்

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த அன்றைக்கே தங்கச்சி போனில் யாரிடமோ சொன்னாள்: "பிரீஷூட்டுக்குக் காசல் போறோம்."

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. எங்கள் பெல்மதுளைத் தோட்டத்தில் காசல் என்றால் ஒன்றே ஒன்றுதான். கொழும்பு பொரளையில் இருக்கும் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரி. பிள்ளை பெறப் போகிற இடம்.

"மோதிரம் மாத்துறதுக்கு முந்தியேவாடி?"

அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் விஷயம் தெளிவானது. இது, கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்கப் போகிற ஹப்புத்தளை காசல். அடிசம் பங்களா. சர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர், இங்கிலாந்தின் கென்ட் பக்கம் இருக்கும் லீட்ஸ் கோட்டையின் சாயலில் 1931இல் கட்டி முடித்தது. பெயரும் கென்டில் ஒரு கிராமத்துப் பெயர். ஊர் நினைப்பு வந்தால் நாம் கருவாட்டுக் குழம்பு வைப்போம். அவர் கருங்கல்லில் கோட்டை வைத்திருக்கிறார்.

போட்டோக்காரர் 81,000 ரூபாய் கேட்டார். ஓய்வுபெற்ற கங்காணியான அப்பாவுக்கு ரூபாய்க் கணக்கு ஏறாது, எல்லாவற்றையும் பேராக, அதாவது ஒரு நாள் கூலியாக, மாற்றித்தான் பார்ப்பார். "பழைய கணக்குல ஒரு பேருக்கு 1,350. அப்ப அறுபது பேர். ரெண்டு மாசம் கொழுந்து பறிச்சு, ரெண்டு பேரும் சிரிக்கிறதுக்குக் குடுக்கணுமா?"

"நம்ம தோட்டத்திலேயே எடுத்தா என்ன?" என்று நான் வாயைக் கொடுத்தேன். ஒத்திகை என்று போட்டோக்காரர் வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, "மச்சான், அப்படியே அவங்க கண்ணைப் பாத்துக்கிட்டு பின்னால நடங்க" என்றார். பெல்மதுளையில் ஒருவனைப் பின்னால் நடக்கச் சொல்வது கொலை முயற்சி. மூடாத மாணிக்கக் குழி எந்தப் புதருக்குள் இருக்கிறதென்று தோண்டியவனுக்கே நினைவிருக்காது. நாலாவது அடியில் அப்பா பாய்ந்து சட்டையைப் பிடித்தார். அதற்குள் தங்கச்சியின் நீள கவுனுக்குள் அட்டை ஏறிவிட்டது. காசல்தான் என்று முடிவாயிற்று.

பிறகுதான் எனக்கு விசாரிக்கத் தோன்றியது. அடிசம் இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பார்க்க விடுவது வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. தங்கச்சியின் போனிலோ இருபத்திரண்டு போஸ் சேமித்து வைத்திருக்கிறாள். அதில் பதினேழில் மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கல்யாணமே வேண்டாம் என்று வந்தவர்களின் முற்றத்தில் இதையெல்லாம் செய்யலாமா என்று எந்தச் சாமியாரிடம், எந்த முகத்தோடு கேட்பது? அண்ணன்காரன் நான்தான் கேட்க வேண்டுமாம். இரண்டு தடவை போனை எடுத்து, இரண்டு தடவையும் "ஜாம் இருக்குமா ஃபாதர்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இருக்கிறது. அவர்களே செய்து விற்கிறார்கள்.

வேன் பேசியாயிற்று. பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, பெரகலை வழியாக ஏற வேண்டும். போட்டோவுக்கு இரண்டு பேர். வேனில் பதினான்கு பேர். "வேன் சும்மாதானே போகுது" என்று தொடங்கி வைத்தது பெரியம்மா. அம்மா ஜாமுக்கு வருகிறாள். அப்பா, போட்டோக்காரர் அறுபது பேருக்கு வேலை செய்கிறாரா என்று பார்க்க வருகிறார்.

அம்மாயிதான் முதல் ஆளாகச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். தொரை பங்களாவில் பதினெட்டு வருஷம் பாத்திரம் கழுவியவள். அடிசத்தில் ஹோலும் நூலகமும் எல்லோரும் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"முன்கதவாலயா தம்பி, குசினிப் பக்கமாவா?"