ட்ரபிள் புராணம்

பெல்பாஸ்ட்

அன்புள்ள சின்னக்காவுக்கு,

சின்னத் தம்பி இங்கே படிக்க வரமுதல் எந்த இங்கிலீசுச் சொல்லைப் பாடமாக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். 'ட்ரபிள்' ஒன்று போதும். அதை வைத்தே சீவியத்தை ஓட்டிவிடலாம்.

டொக்டரிடம் போனால் "என்ன ட்ரபிள்?" என்பார். வயிற்றில் வாயு என்றால் வயிற்று ட்ரபிள். கார் இழுக்காவிட்டால் எஞ்சின் ட்ரபிள். கல்யாணத்துக்கு முதல் ஒருத்திக்குப் பிள்ளை தங்கிவிட்டால், 'ட்ரபிளில் இருக்கிறாள்' என்பது பழைய ஆட்களின் பேச்சு. பக்கத்து வீட்டு ஆச்சி, இரும்புத் தட்டில் சுட்டு நாலாக வெட்டிய சோடா ரொட்டியை, ஓரத்து மாக்கூடத் தட்டாமல் சுடச்சுடக் கொண்டுவந்து, "உங்களுக்கு ட்ரபிள் தருகிறேனோ?" என்று வாசலில் நிற்பா. "எங்களுக்காக இவ்வளவு ட்ரபிள் எடுத்தீர்களா!" என்று நாங்கள் உருக வேண்டும். தருவதும் ட்ரபிள், எடுப்பதும் ட்ரபிள்; நடுவில் ரொட்டி எங்களுக்கு.

கிழக்கு லண்டன் பேச்சில் பெண்சாதிக்கே 'ட்ரபிள் அன்ட் ஸ்ட்ரைஃப்' என்றுதான் பேர். 'வைஃப்' என்பதற்கு எதுகையாம். அத்தானுக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டவேண்டாம்.

இதையே பன்மையாக்கி 'த ட்ரபிள்ஸ்' என்றால் கதை வேறு. 1960களின் கடைசியில் தொடங்கி, 1998ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்படிக்கை வரை இங்கே நடந்த சண்டை அது. 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். குண்டு, ஆமி, சோதனைச் சாவடி, ஆள் பிடிப்பு, எல்லாம் நாங்கள் இலங்கையில் கண்டதுதான். அதற்கும் வயிற்று வாயுவுக்கும் ஒரே பேர்! எல்லை தாண்டித் தெற்கே அயர்லாந்துக் குடியரசுக்குப் போனால், இரண்டாம் உலக யுத்த காலத்தையே 'எமர்ஜென்சி' என்று முடித்துவிடுகிறார்கள்.

கத்தோலிக்கர் தெருவையும் புரொட்டஸ்தாந்தர் தெருவையும் பிரித்து 1969 முதல் எழுப்பிய மதில்கள் பல இன்னும் நிற்கின்றன. பேர் 'சமாதான மதில்'. சில படலைகளை இரவில் பூட்டுகிறார்கள்; பகலில் உல்லாசப் பயணிகள் வந்து மதிலில் பேனாவால் கையெழுத்து வைக்கிறார்கள். அதைக் காட்டிய டாக்ஸிக்காரர், "உங்கள் நாட்டுச் சண்டைக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"பிரச்சினை" என்றேன். 'பிரச்சினைக்கு முதல், பிரச்சினைக்குப் பிறகு' என்றுதானே நாங்களும் கதைக்கிறோம்? கரண்ட் பில்லும் பிரச்சினை, காணி எல்லையும் பிரச்சினை, சாதகம் பொருந்தாததும் பிரச்சினை என்று விளக்கினேன். மனுஷன் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். செத்தவீட்டுக்குப் போய்வந்த கையோடு அடுப்பு மூட்ட வேண்டிய சனத்துக்கு, 'யுத்தம்' என்ற பெரிய சொல் அன்றாடம் வாயில் வைக்கத் தோதுப்படாதுதான்.

சின்னத் தம்பிக்கு இன்னொன்றும் சொல்லிவையுங்கள். இங்கே நன்றி சொன்னால் 'நோ பாதர்' என்பார்கள். ஒரு கரைச்சலும் இல்லை என்று அர்த்தம். விசாவுக்கு அலைந்தது பற்றி யாராவது கேட்டால் மட்டும் அவன் அப்படிச் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி

பி.கு.: அவனிடம் கொஞ்சம் மிளகாய்த்தூள் வறுத்து இடித்துக் கொடுத்துவிடுங்கள். ட்ரபிள் பார்க்கவேண்டாம்.