கணக்குப்பிள்ளைக்கு ஏது சங்கம்?

லாச்சப்பல், பாரிஸ்
நவம்பர், விடாத தூறல்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் தேவலையா? தைலம் அனுப்பச் சொன்னார்களே என்று இங்கே மருந்துக்கடையில் கேட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தும்மக்கூட விடமாட்டாள் போலிருக்கிறது அந்தக் கடைக்கார அம்மாள். லாச்சப்பல் கடைகளில் நம்மூர்த் தைலமே அடுக்கி வைத்திருக்கிறது. ஆனால் சென்னையில் செய்து, கப்பலேறி, பாரிஸ் பார்த்துவிட்டு மறுபடி சென்னைக்கே போகிற தைலத்துக்கு நீங்களே டி.ஏ. பில் போடவேண்டி வரும். பக்கத்துத் தெருவிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. முதல் பாதி முழுக்க மாடியில் காய்ந்த வடாமைக் காக்காய் கொண்டுபோன விவகாரம். விஷயம் பின்பாதியில்தான் இருந்தது. அமெரிக்காவில் ராணுவக் கணக்கு பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு சங்கமாம், ஊருக்கு ஊர் கிளையாம், கூடிச் சாப்பிட்டுக்கொண்டே பட்ஜெட் பற்றிப் பேசுவார்களாம். பாரிஸிலும் அப்படி ஒன்று இருந்தால் விசாரித்து எழுது என்கிறீர்கள். ஈபிள் கோபுரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிற பெரியப்பாக்கள் ஊருலகத்தில் உண்டு. தேனாம்பேட்டை ராணுவக் கணக்குக் கண்ட்ரோலர் ஆபீஸில் காலமெல்லாம் அப்ஜெக்‌ஷன் எழுதிய மனிதர் எனக்குப் பெரியப்பாவாக வாய்த்தால் கேள்வியும் அப்படித்தான் வரும்.

விசாரித்தேன். சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

சங்கம் என்றால் லாச்சப்பலில் தேடவே வேண்டாம், தடுக்கி விழலாம். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கமாக வெளியே வந்து ஃபோபூர் சென் தெனி தெருவில் நாலு எட்டு வைத்தால் பிரான்ஸ் முடிந்துவிடும். முருங்கைக்காய், கொத்துரொட்டிச் சத்தம், தங்கநகை, சேலைக்கடை. கொஞ்சம் மேலே போனால் தலைக்கு மேல் இரண்டாம் நம்பர் மெட்ரோ தூணேறித் தடதடத்துக்கொண்டு போகும். எண்பதுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் எழுப்பிய கடைத்தெரு இது. என்னைப் போன்ற புதுச்சேரிப் பக்கத்து ஆட்கள் அப்புறமாக வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டோம்.

கடைக் கண்ணாடிகளில் பொருளைப் பார்க்க முடியாது, அத்தனையும் நோட்டீஸ். பழைய மாணவர் சங்கம், ஊர் முன்னேற்றச் சங்கம், விளையாட்டுக் கழகம், கோவில் திருப்பணி. ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பழைய மாணவர் சங்கம் இருந்தால் முதலாவதில் யாரோ கணக்குக் கேட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளவேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் 1901 ஜூலை 1-ஆம் தேதிச் சட்டம். வால்தெக் ருஸ்ஸோ என்ற பிரதமர் கொண்டுவந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் போதும், பிரான்ஸில் அது சங்கம். பெயர், நோக்கம், முகவரி எழுதிக் கொடுத்தால் அரசிதழில் அச்சாகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் சங்கம் வைக்க மட்டும் 1939-லிருந்து தனி அனுமதி வேண்டியிருந்தது. 1981-ல் மித்தரான் ஆட்சிக்கு வந்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் கூட்டமாக வந்து இறங்கியபோது வீடு கிடைப்பது கஷ்டமாக இருந்தது, வேலை கிடைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, சங்கம் மட்டும் சுலபமாகக் கிடைத்தது.

டீக்கடையில் ஓர் ஊர்ச்சங்கத் தலைவரிடம் உங்கள் கேள்வியைப் போட்டேன். வடையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“என்ன தம்பி, ஆமிக்காசு எண்ணுற ஆக்களுக்கு ஒரு சங்கமோ? நாங்கள் ஆமிக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீர் ஆமியின்ர கணக்குப்பிள்ளையைத் தேடித் திரியிறீர்!”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை.

அமெரிக்கச் சங்கத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். 1948-ல் ராணுவக் கணக்கர்களும் புள்ளிவிவரக்காரர்களுமாகத் தொடங்கியது. நெடுநாள் ராணுவக் கம்ப்ட்ரோலர்கள் சங்கம் என்று பெயர். அண்மையில்தான் பாதுகாப்பு நிதி மேலாண்மைச் சங்கம் ஆகியிருக்கிறது. பயிற்சி, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு. பாரிஸில் அதன் கிளையைத் தேடினால் அந்நாள் ஜனாதிபதி தெ கோலில் போய் முட்டுகிறது. 1966-ல் அவர் நேட்டோவின் ராணுவ அமைப்பிலிருந்து பிரான்ஸை விலக்கி, அந்நியத் துருப்புகளை மூட்டை கட்டச் சொன்னார். 1967-ல் அமெரிக்கப் படை போய்விட்டது. நேட்டோ தலைமையகமும் போர்த் தொஃபினை விட்டு பிரஸ்ஸல்ஸுக்குப் போயிற்று. அந்தக் கட்டடத்தில் இப்போது ஒரு பல்கலைக்கழகம், பிள்ளைகள் பொருளாதாரமும் மேலாண்மையும் படிக்கிறார்கள். தளமே கிளம்பிப்போன ஊரில் மதியச் சாப்பாட்டை நான் எங்கே தேடுவது?

உங்களுக்குப் பிடித்த ஒரு செய்தி சொல்லட்டுமா? இத்தனை சங்கம், சான்றிதழ், சாப்பாடு எல்லாம் இருந்தும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையை முதன்முதலாக முழுத் தணிக்கைக்கு உட்படுத்தியது 2018-ல்தான். அன்றிலிருந்து 2024 வரை ஒரு வருஷம்கூடத் தேறவில்லை. நீங்கள் உடனே ஈஸிசேரை விட்டு எழுந்து பெரியம்மாவைக் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். உட்காருங்கள், இன்னும் இருக்கிறது.

பிரெஞ்சுக் கணக்குப்பிள்ளைகளைப் பற்றி எனக்குச் சொன்னவர் ஒரு பழைய சொல்தா. பஜோல் தெரு மாணிக்க விநாயகர் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சார்செல் பக்கம் வீடு. “கணக்குப்பிள்ளையா? இங்க அவனும் சிப்பாய்தான் தம்பி. தோள்ல பட்டை போட்டிருப்பான். கொமிசேர்னு பேரு” என்றார். உங்களைப்போல அரைக்கை சட்டையும் டிபன் பாக்ஸுமாகத் தேனாம்பேட்டை பஸ்ஸில் தொங்குகிற சிவிலியன் கிடையாது. சீருடை போட்ட அதிகாரி. சம்பளம், சாப்பாடு, துணிமணி, சட்ட ஆலோசனை எல்லாம் அவர் தலையில்.

இந்த உத்தியோகத்துக்கு இங்கே பழைய வேர். பதினான்காம் லூயியின் போர் மந்திரி லுவ்வா. அந்தக் காலத்தில் பட்டாளத் தளபதிக்குத் தலைக்கு இவ்வளவு என்று சம்பளப் பணம் போகும். தளபதி பாதி ஆளை வைத்துக்கொண்டு முழு ஆளுக்கு வாங்குவார். ஆள் எண்ண வருகிற நாளில் தெருவில் போகிறவன், சமையல்காரன், பக்கத்துப் பட்டாளத்தான் எல்லோரையும் கூட்டிவந்து துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்திவிடுவார். நம்மூர் மஸ்டர் ரோலில் செத்துப்போன மேஸ்திரி கைநாட்டு வைப்பாரே, அதற்கு வெர்சாய் அரண்மனைப் பதிப்பு. லுவ்வா இதை விடவில்லை. கணக்காளர்களை அனுப்பித் தலை எண்ணவைத்தார். பிடிபட்ட போலிச் சிப்பாய்க்குச் சாட்டையடி, சூடு. தளபதிகளின் பாடு அவ்வளவு மோசமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் ஆபீஸில் இருந்தவர்.

இனிமேல்தான் வேடிக்கை. 2011-ல் பிரெஞ்சு ராணுவம் சம்பளம் போட ஒரு புது மென்பொருள் கொண்டுவந்தது. முப்படைக்கும் ஒரே மென்பொருள் என்பது திட்டம். அதற்கு அந்த மகானுபாவர் பெயரையே வைத்தார்கள்: லுவ்வா. தரைப்படைக்கு அக்டோபரில் பொத்தானை அழுத்தினார்கள். ஒருவருக்குச் சம்பளம் பூஜ்யம். இன்னொருவருக்குப் பல மாதச் சம்பளம் ஒரே நாளில் வந்து விழுந்தது. ஆப்கானிஸ்தானில் குண்டுக்கு நடுவே இருந்தவனுடைய படி வரவே இல்லை. அதிகமாகக் கொடுத்தது மட்டும் பல கோடி யூரோ. அப்புறம் அதைத் திருப்பிக் கேட்டு ஓலை.

ஏன் இப்படி? படிகள் மட்டும் 170-க்கு மேல். பாராசூட்டில் குதித்தால் ஒன்று, நீர்மூழ்கியில் இறங்கினால் ஒன்று, வெளிநாடு போனால் ஒன்று, குடும்பத்தோடு போகாவிட்டால் இன்னொன்று. அந்த விதிகள் முழுசாக இருந்த இடம் மிஷின் அல்ல, பழைய சம்பளப் பிரிவுகளில் உட்கார்ந்திருந்த மனிதர்களின் தலை. மென்பொருள் நடக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தப் பிரிவுகளை மூடி, ஆட்களைக் குறைத்தாகிவிட்டது. உங்கள் செக்‌ஷனில் ரங்கோன் படி முதல் லடாக் படி வரை மனப்பாடமாக ஒப்பிக்கிற ஒரு மாமா இருந்தார் என்பீர்களே, அவருக்கு வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்தால் எப்படி? அப்படி. 2013 டிசம்பரில் பாதுகாப்பு மந்திரி லெ திரியான் ‘லுவ்வாவை மூடுகிறோம்’ என்று அறிவித்தார். ஆனால் மூட முடிந்ததா? மாற்று மென்பொருள் கடற்படைக்கு வந்து சேர 2019 ஆயிற்று, தரைப்படைக்கு அதற்கும் அப்புறம். இறந்தவருக்கு வருஷக்கணக்கில் வென்டிலேட்டர்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. சம்பளம் வராத சிப்பாய் வாய் திறக்க முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் சங்கம் என்கிற இந்தத் தேசத்தில், முயல் வளர்ப்பவனுக்கும் முத்திரை சேர்ப்பவனுக்கும் சங்கம் இருக்கிற தேசத்தில், சிப்பாய் தன் தொழில் நலனுக்குச் சங்கம் வைக்க அப்போது தடை. கொமிசேரும் சிப்பாய்தானே, அவருக்கும் அதே பூட்டு. அதனால் தெருவுக்கு வந்தவர்கள் மனைவிமார்கள். வாடகை கட்ட முடியவில்லை, பாங்கில் கடன் ஏறுகிறது என்று அவர்கள்தான் மந்திரியின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர்கள் மேல் எந்த ராணுவச் சட்டமும் செல்லாது பாருங்கள். பெரியம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

2014 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பூர் மனித உரிமை நீதிமன்றம், இப்படி ஒட்டுமொத்தமாகத் தடுப்பது சரியில்லை என்று பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2015 ஜூலையில் சட்டம் வந்தது. இப்போது படைவீரர்கள் தேசிய அளவில் தொழில்முறைச் சங்கம் வைக்கலாம். வேலைநிறுத்தம் மட்டும் ஆகாது. பிரான்ஸில் பிறந்து வேலைநிறுத்தம் செய்ய முடியாத ஜென்மம் எவ்வளவு பாவம் என்பது இங்கே ரயிலுக்குக் காத்து நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் ஆட்கள் எவ்வளவோ தேவலை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1747-ல் ராணுவச் சம்பள மாஸ்டரை நியமித்ததிலிருந்து வம்சாவளி சொல்கிற துறை, அக்டோபர் 1-ஆம் தேதி தனக்கென்று ஒரு தினம் கொண்டாடுகிற துறை, அகில இந்திய அளவில் ஊழியர் சங்கமும் வைத்திருக்கிறது. சந்தா ரசீதைக்கூட நீங்கள் இன்னும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

சொல்தா தாத்தா பிரசாதம் தீர்ந்தபிறகும் விடவில்லை. பழைய காலனிகளிலிருந்து போரிட்டவர்களின் பென்ஷனை 1959 டிசம்பர் பட்ஜெட் சட்டம் அப்படியே உறைய வைத்ததைச் சொன்னார். ஒரே போர், ஒரே காயம். சுதந்திரத்துக்குப் பிறகு புது நாட்டுக் குடிமகனாகிவிட்டால் பழைய தொகையிலேயே நிற்கவேண்டியதுதான். 2006-ல் வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பற்றி ‘ஆந்திஜென்’ என்று ஒரு சினிமா வந்தது. ஜனாதிபதி சிராக் பார்த்து மனம் கலங்கினாராம். 2007-ல் ஒரு பகுதி, 2011-ல் மீதி என்று சரிசெய்தார்கள். அதற்குள் வாங்கவேண்டியவர்களில் பலர் வரிசையை விட்டே போய்விட்டார்கள். “பட்ஜெட்ல ஒரு வரி தம்பி. சுட்டவனைவிட எழுதினவன் குறி தப்பல” என்றார். நான் பதில் சொல்லவில்லை. நானும் இங்கே ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன்தானே.

நவம்பர் ஆயிற்றே, லைஃப் சர்டிபிகேட் கொடுத்துவிட்டீர்களா? ஆயிரக்கணக்கான ஜவான்களை வருஷா வருஷம் உயிரோடு இருப்பதை நிரூபிக்கச் சொன்ன கை அது. இப்போது உங்கள் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோய் மிஷினில் விழமாட்டேன் என்கிறது என்று பெரியம்மா சொன்னார்கள். புதுச்சேரி சொல்தாக்களும் பிரெஞ்சுப் பென்ஷனுக்கு இதே சர்டிபிகேட்டைத்தான் கொடுக்கிறார்கள். முகத்தைக் காட்டியும் பதிவு செய்யலாமாம், முயன்று பாருங்கள். முறைக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஊர்ச்சங்கத் தலைவர் நேற்று கடைக்கு வந்தார். “உம்மட பெரியப்பா ஆமிக் கணக்கே பார்த்த மனுசன் எண்டால், எங்கட சங்கக் கணக்கை ஒருக்கால் பாக்கச் சொல்லும். இஞ்ச ஆர் பார்த்தாலும் மற்றவை நம்பமாட்டினம். அவர் இந்தியாவில இருக்கிறார், ஒருத்தருக்கும் சொந்தமில்லை” என்று ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். ரசீதுகளைப் போட்டோ எடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வாழையிலைக்கு இரண்டு ரசீது இருக்கிறது, இரண்டும் ஒரே கையெழுத்து. பொருளாளர் தங்கமான மனிதர், எனக்குத் தெரிந்தவர், ஆகவே கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். “ஃபைலைத் திருப்பி அனுப்பவும்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொங்கல் விழாவுக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டவேண்டும், உங்கள் கையெழுத்து வந்தால்தான் காசை எடுப்பார்களாம்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்